பயணியின் மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி பயணத்துக்கென்றே உருவான கருவி. வீட்டில் புழங்கும் கத்தி மடங்க வேண்டிய அவசியமே இல்லை. அரிவாள்மனையும் வெட்டுக்கத்தியும் இருந்த இடத்திலேயே இருந்து வேலை செய்யும். இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொண்டு நடக்கிறவருக்குத்தான் கூர்முனை இடைஞ்சல். அலகைப் பிடிக்குள் மடக்கினால் தனியாக உறை வேண்டாம், நீளமும் பாதியாகும். இந்த யோசனை ஐரோப்பாவில் மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கப் பகுதியில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. அது கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள்.

ரோமானியர் காலத்தில் கத்தியோடு வேறு கருவிகளும் சேர்ந்துகொண்டன. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் வெள்ளிக் கருவி ஒன்று உள்ளது. கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூர்முள், சிறு மட்டக் கரண்டி, பல்குத்தி எல்லாம் ஒரே பிடியில் மடங்கிக்கொள்ளும். கத்தி அலகு மட்டும் இரும்பு என்பதால் துருவேறிப் பெரும்பகுதி அழிந்துவிட்டது. கூர்முள் நத்தை ஓட்டிலிருந்து சதையை எடுக்கவும், மட்டக் கரண்டி வாய் குறுகிய குப்பியிலிருந்து சாறு வழிக்கவும் உதவியிருக்கலாம் என்பது ஊகம். வெள்ளியில் செய்ததால் இது ஏழை வழிப்போக்கனின் பொருள் அல்ல. அடிக்கடி ஊர் விட்டு ஊர் போன செல்வர் ஒருவருடையதாக இருக்க வேண்டும். இதில் உள்ள ஒவ்வொன்றும் சாப்பாட்டுக்கானது என்பது முக்கியம். திருகாணி புழக்கத்துக்கு வராத உலகில் பயணிக்கு வழியில் பழுதுபார்க்க அதிகம் இல்லை, பசி மட்டுமே இருந்தது.

இடைக்கால ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. விருந்துக்கு அழைத்தவரோ சத்திரக்காரரோ கத்தி தருவதில்லை. அவரவர் கத்தியை அவரவர் இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டும். இறைச்சியை அறுப்பதும் அதே கத்தி, குத்தி வாய்க்குக் கொண்டுபோவதும் அதே கத்தி. முள்கரண்டி இங்கிலாந்துக்கு வந்ததில் ஒரு பயணிக்குப் பங்குண்டு. தாமஸ் கோர்யாட் என்ற ஆங்கிலேயர் பெரும்பாலும் கால்நடையாகவே ஐரோப்பாவைச் சுற்றிவந்து 1611இல் வெளியிட்ட நூலில், இத்தாலியர் முள்கரண்டியால் சாப்பிடுவதை வியந்து எழுதினார். தானும் ஒன்றை வாங்கிவந்து ஊரில் பயன்படுத்தி நண்பர்களின் கேலிக்கு ஆளானார். பிறகு தரைவழியாகவே இந்தியா வந்து, அஜ்மீரில் ஜஹாங்கீரின் அரசவையையும் பார்த்துவிட்டு, 1617இல் சூரத்தில் இறந்தார். அவருக்குப் பிந்தைய தலைமுறைகளில், வசதியுள்ள பயணிகள் கத்தியும் முள்கரண்டியும் கொண்ட சிறு செட்டைத் தோலுறையில் போட்டு எடுத்துச் செல்வது வழக்கமாயிற்று.

மடக்குக் கத்தியைச் சாதாரண மனிதரின் பைக்குக் கொண்டுவந்த ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. ஓடைகள் சாணைச் சக்கரத்தைச் சுழற்றின, பக்கத்திலேயே சாணைக்கல் கிடைத்தது. அதனால் இடைக்காலத்திலேயே அது கத்திக்குப் பேர் போன ஊர். இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையொன்றில் வரும் ஆலைக்காரன் வைத்திருப்பதும் ஷெஃபீல்டு கத்திதான். அங்குள்ள கத்திக் கொல்லர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. அதே நூற்றாண்டில், பிடியின் முதுகில் ஒரு தட்டை ஸ்பிரிங் வைக்கும் முறை அங்கே பரவியது. அதற்கு முன்பு அலகு ஆணியில் சும்மா சுழன்றது. கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் விரலின் மேலேயே மடங்கும். ஸ்பிரிங் வந்ததும், திறந்த அலகு திறந்தபடியும் மூடியது மூடியபடியும் நின்றது. பூட்டு கிடையாது, வலுவாகத் தள்ளினால் மடங்கும். இன்றும் உலகில் விற்கும் எளிய பேனாக்கத்திகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன.

எஃகும் மேம்பட்டது. கடிகாரக்காரரான பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் மூசையில் உருக்கி வார்த்த எஃகைச் செய்துகாட்டினார். இது மிகக் கடினமாக இருக்கிறது, எங்களுக்கு வேண்டாம் என்று ஷெஃபீல்டுக் கொல்லர்கள் ஒதுக்கிவிட, அவர் பிரான்சுக்கு விற்றார். அந்த எஃகில் செய்த பிரெஞ்சுக் கத்திகள் இங்கிலாந்துச் சந்தைக்கே திரும்பி வந்தபிறகுதான் உள்ளூர்க்காரர்கள் வழிக்கு வந்தார்கள். மூசை எஃகு தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. சேலம் வட்டாரம் உள்ளிட்ட பல இடங்களில் கொல்லர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த எஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். அதன் மாதிரிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனபோது, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கருவி செய்பவர் அதில் ஒரு துண்டைத் தட்டிச் செய்து பார்த்தது பேனாக்கத்தி. அந்த மாதிரிகளைப் பற்றிய ஆய்வு 1795இல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. இதே ஸ்டோடார்ட்தான் பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவர்.

அன்றைய பேனாக்கத்தியின் முதல் வேலை இறகுப் பேனாவைச் சீவுவது. கடிதம் எழுதும் பயணி, கணக்கு எழுதும் வணிகர், வரைபடம் போடும் நிலஅளவர் என எழுத்துவேலை உள்ள எவரும் அது இல்லாமல் கிளம்ப முடியாது. தமிழகத்திலும் இலங்கையிலும் ஓலையில் எழுதியவர்களுக்கு இதே தேவையைத் தீர்த்தது மடக்கெழுத்தாணி. எழுதும் ஊசி ஒருபுறமும் ஓலையை நறுக்கும் கத்தி மறுபுறமுமாக இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். ஐரோப்பாவைப் பார்த்துச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. இருந்த இடத்தில் உட்கார்ந்து எழுதாமல் ஊர் ஊராகப் போய் எழுதுகிறவருக்கு எங்கேயும் தோன்றக்கூடிய யோசனைதான்.

19ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டின் கைத்திறன் எல்லை கடந்தது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822இல் 1,822 அலகுகள் கொண்ட ஒரு காட்சிக் கத்தியைச் செய்தது. ஆண்டுக்கு ஓர் அலகு சேர்ப்பதாகத் திட்டம். விற்பனைக்கான கத்திகளிலும் ரம்பம், அரம், சாமணம், கார்க் திருகி, அளவுகோல், குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 1851இல் வெளியான ‘மோபி டிக்’ நாவலில் கப்பல் தச்சரை அறிமுகப்படுத்தும்போது ஹெர்மன் மெல்வில் இப்படிப்பட்ட ஷெஃபீல்டுக் கத்தியைத்தான் உவமையாக எடுத்தார். வாசகருக்கு அந்தப் பொருள் பழக்கமானது என்று நம்பித்தானே அவர் அதை எழுதியிருக்க வேண்டும்! நிஜமான மாலுமிகள் வைத்திருந்த கத்தியோ மிக எளியது. ஆடும் கப்பலில் தன்னையோ பக்கத்தில் இருப்பவரையோ குத்திவிடாமலிருக்க முனை மழுங்கிய ஓர் அலகு, கயிற்றின் முறுக்கைப் பிரிக்க ஒரு தடித்த முள். அவ்வளவுதான்.

பிரான்சில் கதை வேறு விதம். அங்கே தியேர் நகரம் இடைக்காலம் முதல் கத்திக்குப் பேர் பெற்றது. துரோல் ஆற்றின் மேல் அமைந்த பட்டறைகளில் சாணை பிடிப்பவர்கள் பலகையில் குப்புறப் படுத்தபடி வேலை செய்தார்கள். குளிருக்கு இதமாகக் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். ஆனால் பிரெஞ்சுக் கத்தியின் சிறப்பு, ஊருக்கு ஊர் ஒரு வடிவம் இருந்ததே. ஒவ்வொரு வடிவமும் அந்த ஊர்க்காரர் எங்கே எதற்காகப் போனார் என்பதைக் காட்டும். ஆவெரோன் பகுதியின் லாகியோல் கத்தி 1829 வாக்கில் உருவானது. மலையில் மாடு மேய்த்தவர்கள் வயிறு உப்பிய மாட்டைக் குத்திக் காற்றை வெளியேற்றுவதற்காக, 1840 வாக்கில் அதில் ஒரு குத்தூசி சேர்ந்தது. 1880 வாக்கில் கார்க் திருகியும் வந்தது. அதற்குக் காரணம் மாடல்ல, பாரிஸ். ஆவெரோன்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தலைநகருக்குப் போய்க் காப்பிக் கடைகளிலும் மதுக்கடைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஊர்க் கத்தி அவர்களோடு போயிற்று, புதுத் தொழிலின் கருவியும் அதில் ஏறிக்கொண்டது.

சவோய் மலைப்பகுதியின் ஒபினெல் கத்தி இதற்கு நேரெதிர். 1890இல் இளைஞரான ஜோசப் ஒபினெல் தன் தந்தையின் பட்டறையில் செய்த இந்தக் கத்தியில் ஓர் அலகு, பிளவு போட்ட மரப்பிடி, ஓர் ஆணி, ஓர் உலோக வளையம் தவிர எதுவும் இல்லை. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகள் வந்தன. 1955இல், திருப்பினால் அலகைப் பூட்டும் வளையம் சேர்ந்தது. அதன்பிறகு அடிப்படையில் மாற்றமில்லை. ஆட்டிடையர், ரயில் தொழிலாளி, மலையேறுபவர் எல்லோரும் இதையே வைத்திருந்தார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் அறுப்பதற்கு மெல்லிய ஒற்றை அலகை மிஞ்சியது இன்றுவரை வரவில்லை. பல கருவிக் கத்திகள் தடிமனாக இருப்பதால் இந்த எளிய வேலையில்தான் தடுமாறுகின்றன.

எதை எடுத்துச் செல்வது என்ற கேள்வி விவாதப் பொருளானதும் 19ஆம் நூற்றாண்டில்தான். பொழுதுபோக்காகக் காட்டுக்குப் போகும் நகரவாசிகள் பெருகினார்கள், அவர்களுக்கான கையேடுகளும் பெருகின. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் சுற்றிய பிரான்சிஸ் கால்டன் 1855இல் வெளியிட்ட ‘பயணக் கலை’ தொலைதூர ஆய்வுப் பயணிகளுக்கானது. பொழுதுபோக்குப் பயணியை மனத்தில் வைத்து எழுதியவர் ‘நெஸ்மக்’ என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்கர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். சிறிய உடம்பு, நலிந்த உடல்நலம். அதனால் சுமையைக் குறைப்பது அவருக்குக் கொள்கையாக மட்டும் இல்லை, கட்டாயமாகவும் இருந்தது. 1883இல் நியூயார்க் மாநிலத்தின் அடிரண்டாக் ஏரிகளில் அவர் துடுப்புப் போட்ட படகின் எடை 5 கிலோகூட இல்லை. மறு ஆண்டு வந்த ‘உட்கிராஃப்ட்’ நூலில் அவர் பரிந்துரைத்த வெட்டுக்கருவிகள் மூன்று: இருபக்கமும் கூருள்ள சிறு கோடரி, உறையில் வைக்கும் மெல்லிய கத்தி, இரண்டு அலகுள்ள மடக்குக் கத்தி. விறகுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, நுண்வேலைக்கு ஒன்று. வேட்டைக் கத்தி என்ற பெயரில் கடைகளில் விற்ற தடித்த கத்திகளை அவர் கிண்டல் செய்தார். எதற்கு எது என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக இலேசானதைத் தேர்ந்த இந்த முறை, பிற்காலப் பட்டியல்கள் பலவற்றையும்விடத் தெளிவானது.

உலகம் அறிந்த பயணக் கத்தியைப் பயணிகள் கேட்டு யாரும் செய்யவில்லை. அது ஒரு துப்பாக்கியால் வந்தது. 1889இல் சுவிட்சர்லாந்து ராணுவம் புதிய ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும். களத்தில் டப்பா உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் தூக்குவதற்குப் பதில் அலகு, குத்தூசி, டின் திறப்பான், திருப்புளி ஆகிய நான்கையும் கருநிற மரப்பிடியில் சேர்த்து 1890ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கத்தி வடிவமைக்கப்பட்டது. சுவிஸ் பட்டறை எதற்கும் அவ்வளவு பெரிய எண்ணிக்கையைச் செய்து தரும் திறன் இல்லை. ஆகவே சுவிஸ் ராணுவத்தின் முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன.

ஷ்விஸ் மாநிலத்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர் இதைப் பொறுக்கவில்லை. சுவிஸ் கத்திக் கொல்லர்களை ஒரு சங்கமாகத் திரட்டி 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சோலிங்கன் ஆலைகளின் விலையோடு போட்டியிட முடியாமல் மற்றவர்கள் விலகிக்கொள்ள, எல்செனர் கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்துக் காப்பாற்றினார்கள். அவரை நிமிர்த்தியது சிப்பாய்க் கத்தி அல்ல. அதைவிட இலேசாக, சிறு அலகு ஒன்றும் கார்க் திருகியும் சேர்த்து அவர் 1897 ஜூன் 12 அன்று பதிவுசெய்த அதிகாரிக் கத்திதான். பிடியின் இருபுறமும் கருவிகள் திறக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்பிரிங் இரண்டே. ஒரே ஸ்பிரிங்கை மேலும் கீழும் வேலை வாங்கியதால் தடிமன் ஏறாமல் கருவிகளின் எண்ணிக்கை ஏறியது. பிற்காலச் சுவிஸ் கத்திகள் அத்தனையும் இந்த ஒரு யோசனையின் பிள்ளைகள். அதிகாரிக் கத்தி என்று பெயரே தவிர, ராணுவம் அதை வாங்கித் தரவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள், பிறகு மற்றவர்களும்.

தாய் விக்டோரியா 1909இல் மறைந்தபின் எல்செனர் அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதன் பிரெஞ்சுப் பெயரான ‘இனாக்ஸ்’ ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆயிற்று. இதற்குள் பிரெஞ்சு பேசும் யூரா பகுதியிலிருந்து இன்னொரு நிறுவனமும் ராணுவத்துக்குக் கத்தி தந்துவந்தது; அதுவே பின்னர் வெங்கர். இரு மொழிப் பகுதிகளுக்கும் மனக்குறை வராதபடி 1908இல் ஒப்பந்தத்தை ராணுவம் சரிபாதியாகப் பிரித்தது. இந்த ஏற்பாடு, 2005இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கும்வரை நீடித்தது.

இந்தக் கத்தியை உலகப் பயணியின் பொருளாக்கியவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் தங்கியிருந்தபோது, 1945 முதல் 1949 வரை, ராணுவக் கடைகளில் இதை வாங்கிக் குவித்தார்கள். அதன் ஜெர்மன் பெயர் நாக்கில் நுழையாததால் அவர்கள் சொன்ன ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்பதே நிலைத்தது. கருவிகள் பெருகின. 1985இல் வந்த சுவிஸ்சாம்ப் கத்தியில் 33 பயன்கள் இருந்தன. வெங்கர் 2006இல் தன் கருவிகள் எல்லாவற்றையும் அடுக்கி 87 கருவிகள் கொண்ட ராட்சதக் கத்தி ஒன்றைச் செய்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அது எந்தப் பைக்கும் உதவாது. ஷெஃபீல்டின் 1,822 அலகுக் கத்தியைப் போல விளம்பரம்தான். அன்றாடப் பயணிக்கு அலகு, கத்தரி, திருப்புளி, டின் திறப்பான் போதும். விண்வெளிக்கும் அவ்வளவே. 1995 நவம்பரில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு இணைந்தபோது, டேப்பும் வாரும் போட்டு இறுகக் கட்டியிருந்த கதவைக் கனடிய வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் சுவிஸ் கத்தியால் அறுத்துத் திறந்தார்.

சுவிஸ் கத்தியில் ஒரு குறை இருந்தது. இறுகப் பற்றித் திருகும் வலுவான குறடு இல்லை. இதை உணர்ந்தவரும் ஒரு பயணியே. அமெரிக்கப் பொறியாளர் டிம் லெதர்மேன் 1975இல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது, மலிவு விடுதிகளில் குழாய் ஒழுகியது. பையில் இருந்த சாரணர் கத்தியால் இரண்டையும் சரிசெய்ய முடியவில்லை. கத்தியோடு குறடும் இருந்தால் என்ன என்று தோன்ற, டெஹ்ரான் விடுதியில் அட்டையை வெட்டி மாதிரி செய்தார். ஊர் திரும்பி, மாதிரியை ஒழுங்குபடுத்தவே ஆண்டுகள் ஆயின. 1980இல் காப்புரிமை கிடைத்தபிறகும் வாங்க ஆளில்லை. கத்தி நிறுவனங்கள் இது கத்தி அல்ல என்றன. கருவி நிறுவனங்கள் இது கருவி அல்ல என்றன. 1983இல் அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் ஒன்று 500 கேட்டது. அங்கிருந்து தொடங்கிய வியாபாரம் சில ஆண்டுகளிலேயே ‘மல்டிடூல்’ என்ற தனிச் சந்தையாக வளர்ந்தது. கார், சைக்கிள், படகு என இயந்திரத்தோடு பயணம் போகிறவர்களுக்கு இதில் லாபம் அதிகம். ரயிலிலும் பஸ்ஸிலும் போய் விடுதியில் தங்குபவருக்கு அந்தக் குறடு பெரும்பாலும் வீண் சுமை.

2001 செப்டம்பர் 11 வரை, 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகை விமானத்தில் கையோடு கொண்டுபோக அமெரிக்க விதி அனுமதித்தது. அன்று அமெரிக்க விமானங்களைக் கடத்தித் தாக்குதல் நடத்தியவர்கள் பயன்படுத்தியதும் சிறு கத்திகளே. உடனே எல்லாக் கத்திகளும் தடைசெய்யப்பட்டன. விமான நிலையக் கடைகளிலும் விமானத்துக்குள்ளும் பெருமளவில் விற்றுவந்த விக்டோரினாக்ஸின் கத்தி விற்பனை சுமார் 30 சதவீதம் சரிந்தது. ஆட்களை நீக்காமல், சில தொழிலாளர்களை அக்கம்பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பிச் சமாளித்தது அந்த நிறுவனம். கடிகாரம், பயணப் பெட்டி விற்பனையிலும் கூடுதல் கவனம் வைத்தது. சோதனைச் சாவடிகளில் பயணிகள் விட்டுச்சென்ற கத்திகளைச் சில அமெரிக்க மாநில அரசுகள் மலிவு விலைக்கு ஏலம் போட்டன.

கெடுபிடி பிறகு ஊருக்கு ஊர் வேறாகத் தளர்ந்தது. 2005 டிசம்பரில் அமெரிக்கா 4 அங்குலத்துக்குட்பட்ட கத்தரிகளையும் 7 அங்குலத்துக்குட்பட்ட திருப்புளி, குறடு போன்ற கருவிகளையும் அனுமதித்தது. 2013 மார்ச்சில் 6 செ.மீ.க்குக் குறைந்த கத்திகளையும் அனுமதிப்பதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்கள் சங்கங்கள் கடுமையாக எதிர்க்கவே ஜூன் மாதம் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளோ 6 செ.மீ. வரையுள்ள அலகைக் கைப்பையில் அனுமதிக்கின்றன. இந்தியாவில் கைப்பையில் கத்தி கூடாது. சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும், அலகு 6 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் மிகாமல் இருந்தால், உள்நாட்டு விமானங்களில் விலக்கு உண்டு.

விமானத்திலிருந்து இறங்கியபின்னும் சட்டம் விடாது. பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. ஷெஃபீல்டின் பழைய ஸ்பிரிங் கத்திக்கு இடமுண்டு, பூட்டு வளையம் போட்ட ஒபினெலுக்கு இல்லை. ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே கொண்டுசெல்வதை ஜெர்மனி 2008இல் தடைசெய்தது. அதே ஆண்டு சுவிஸ் ராணுவம் தேர்ந்தெடுத்த புதிய சிப்பாய்க் கத்தி அந்த வகையைச் சேர்ந்தது!

இந்தச் சட்டங்களுக்குத் தக்கபடி கருவிகளும் மாறுகின்றன. அலகை நீக்கிவிட்டுக் கத்தரியும் குறடும் மட்டும் வைத்த மல்டிடூல்கள் விற்பனையில் உள்ளன. அலகில்லாத கருவிகளை உருவாக்கிவருவதாக விக்டோரினாக்ஸின் தலைவரும் 2024இல் அறிவித்தார். கத்தியோடு விமானம் ஏற வேண்டியவர் அதை உறையிட்டுப் பதிவுப் பெட்டியில் வைப்பதும், போகும் நாட்டின் அலகு அளவையும் பூட்டு விதியையும் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வதும் நல்லது. சோதனைச் சாவடியில் பறிபோன கத்தி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.